ஒரே பெயரில் எத்தனை ஊர்

வளைகுடாவில் வேலை பார்க்கிற ஒருவரிடம் நீங்கள் யார் என்று கேட்டுப் பாருங்கள். பெயரைச் சொல்ல மாட்டார், கம்பெனியைச் சொல்வார். ஏறுகிற பஸ்ஸில் கம்பெனிப் பெயர், படுக்கிற கேம்ப் வாசலில் கம்பெனிப் பெயர், தொப்பியில், லேபர் கார்டில், குடிக்கிற தண்ணீர் கேனில்கூடக் கம்பெனிப் பெயர். கேஷுவாலிட்டியில் ஒருவரைக் கொண்டுவந்து கிடத்தினால் நாங்கள் கேட்கிற முதல் கேள்வியும் அதுதான். "கம்பெனி? கோன்ஸா கம்பெனி?" ரத்தம் சொட்டச் சொட்ட நிற்கிறவரிடமும் அதைத்தான் கேட்போம். அவரும் அதற்குத்தான் பதில் சொல்வார். இந்தப் பழக்கம் என்னை எவ்வளவு பெரிய முட்டாளாக்கியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இரண்டாயிரத்துகளின் நடுவில் நான் ராஸ் அல் கைமாவில் ஒரு ஆஸ்பத்திரியில், ஆண்கள் சர்ஜிக்கல் வார்டில் நர்சாக இருந்தேன். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரி. எனக்கு வாய் நீளம், கோபம் மூக்கு நுனியில். வார்டில் படுத்திருந்தவர்களில் பாதிப்பேர் குவாரியிலிருந்தும் சிமெண்ட் ஆலையிலிருந்தும் வந்தவர்கள். மலையாளம், இந்தி, உருது, பெங்காலி, கொஞ்சம் அரபி என்று எல்லாவற்றிலும் அதட்டத் தெரியும். சீனம் மட்டும் தெரியாது. அதுவரை தேவைப்பட்டதும் இல்லை.

அந்த வருடம்தான் ஊருக்கு வெளியே ஒரு சிமெண்ட் ஆலையில் புதிய சூளை கட்டச் சீனக் கம்பெனி ஒன்று வந்திருந்தது. அதன் பெயரை எழுத மாட்டேன். அந்தப் பெயரில் இன்றைக்கும் எத்தனையோ பேர் தொழில் நடத்துகிறார்கள், எதற்கு வம்பு. 'அந்தப் பெயர்' என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். சின்னப் பெயர், நம் வாய்க்கு லேசாக வரும்.

ஜனவரி மாதம், ஒரு திங்கட்கிழமை மதியம். ஒரு பெஷாவர்க்கார பிக்கப் டிரைவர் ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்து கேஷுவாலிட்டி வாசலில் உட்காரவைத்துவிட்டுப் போய்விட்டார். வழியில் நின்று கைகாட்டினார்கள், ஏற்றினேன், வேறொன்றும் தெரியாது என்று மட்டும் காவலாளியிடம் சொல்லியிருக்கிறார். வந்தவர் சீனர். நாற்பது வயதிருக்கும். ஒல்லி. நீலத்தில் பஞ்சு வைத்துத் தைத்த ஒரு மேல்சட்டை போட்டிருந்தார். முதுகில் பெரிதாகச் சீன எழுத்து, அதற்குக் கீழே இங்கிலீஷில் அந்தப் பெயர். இடது பாதத்தில் ஒரு பழைய துணி சுற்றியிருந்தது. அதைப் பிரித்தேன். இரும்பு விழுந்து நசுங்கி நாலைந்து நாளாவது ஆகியிருக்கும். விரல்கள் கறுத்துப் போயிருந்தன. வாடை வந்துவிட்டது.

"கம்பெனி?" என்றேன் வழக்கம்போல. என்னை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி கேட்டேன். அவர் தன் நெஞ்சைத் தொட்டு அந்தப் பெயரைச் சொன்னார். அப்புறம் தோளைத் திருப்பி முதுகைக் காட்டினார். எழுத்தும் அதுவே, வாயில் வந்ததும் அதுவே. எங்களுக்கு என்ன சந்தேகம் வரப் போகிறது? வார்டு கிளார்க் யாழ்ப்பாணத்துப் பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவள், எதையும் அழகாக எழுதி அடுக்கி வைப்பாள். அவள் ஃபைலில் கம்பெனி என்ற கட்டத்தில் அந்தப் பெயரை எழுதினாள். பெயர் என்ற கட்டத்தில் என்ன எழுத என்று என்னைக் கேட்டாள். இப்போதைக்கு அதையே எழுது, கம்பெனிக்காரன் வந்து சொல்லுவான் என்றேன்.

சாயங்காலம் சர்ஜன் வந்து பார்த்தார். ஹைதராபாத்காரர், நல்ல மனுஷர், அநாவசியமாக ஒரு வார்த்தை பேச மாட்டார். பாதத்தைக் காப்பாற்ற முடியாது, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், விஷம் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது என்றார். எனக்கு வியாழக்கிழமை காலைவரை நேரம் கொடுத்தார். அதற்கு மேல் போனால் காலைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை, உயிரைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும் என்றார். ஆள் நினைவோடு இருக்கிறார், அதனால் அவர் கையெழுத்து இல்லாமல் தொட முடியாது.

ஒரு தாளில் காலை வரைந்து, குறுக்கே ஒரு கோடு போட்டுக் காட்டினேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. முகம் வெளுத்தது. தலையை ஆட்டினார், வேண்டாம் என்று இல்லை, இப்போது வேண்டாம் என்பதுபோல. பெருவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காதில் வைத்துப் போன் பேசுகிறதுபோலக் காட்டினார். அந்தப் பெயரைச் சொன்னார். மறுபடி போன். மறுபடி அந்தப் பெயர்.

"இவருக்குக் கம்பெனிக்காரன் வந்து ஒப்புக்கொண்டாத்தான் சம்மதமாம், கேட்டியா" என்றேன் கிளார்க்கிடம். "இந்த நாட்டுல வந்து காலு போனாலும் விசா குடுத்த கஃபீலைக் கேக்கணும்னு பயந்து கெடக்கு மனுசன்."

"பாவம் அக்கா. நான் இப்பவே எடுத்துக் கதைக்கிறன்" என்றாள் அவள்.

சிமெண்ட் ஆலையின் சைட் ஆபீசில் ஒருவர் இங்கிலீஷ் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். ஆட்களை எண்ணிப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார், சொன்னபடி கூப்பிட்டார், அப்போது போனை நான் எடுத்தேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் கேம்ப்பில் இருக்கிறார்கள், இவர் எங்கள் ஆள் இல்லை என்றார். சட்டையில் உங்கள் பெயர் போட்டிருக்கிறதே என்றேன். அதே பெயரில் குழாய் பதிக்கிற கம்பெனி ஒன்று துபாயில் இருக்கிறது, அவர்களைக் கேளுங்கள் என்றார். நீங்கள் இரண்டு பேரும் ஒரே கம்பெனிதானே என்றேன். இல்லை மேடம், எங்களுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை என்றார்.

எனக்கு ஏறியது பாருங்கள். ஒரே பெயர், ஒரே நாடு, சம்பந்தமில்லையாம். எங்கள் ஊர்ப் பக்கத்தில் அடிபட்டவனைத் தட்டிக் கழிக்கிற முதலாளி பேசுகிற பேச்சு இது. நன்றாகக் கொடுத்தேன் அவருக்கு. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை துபாய்க் குழாய்க் கம்பெனியைப் பிடித்தோம். அவர்கள் தங்கள் ஆள் இல்லை என்றார்கள். அந்தப் பெயரில் அபுதாபியில் ஒரு ஏஜென்சி ஆள் அனுப்புகிறது என்றார்கள். அபுதாபிக்காரர்கள், உங்களுக்கு எந்த மாகாணத்துக் கம்பெனி வேண்டும் என்று எங்களையே திருப்பிக் கேட்டார்கள். கிளார்க் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, எந்த மாகாணம் எண்டு கேக்கினம். எனக்கெண்டா ஒண்டும் விளங்கேல்லை."

"நம்மளைப் பைத்தியமாக்குதானுவ. வை போனை."

மேலிடத்தில் எழுதிக் கொடுத்து ஒரு மொழிபெயர்ப்பாளர் கேட்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை வருவார் என்று பதில் வந்தது. வியாழக்கிழமைக்கு முன்னால் எந்த ஞாயிற்றுக்கிழமை வரும்?

புதன்கிழமை காலை டியூட்டிக்குப் போனபோது அவருக்குக் காய்ச்சல் ஏறியிருந்தது. கண் செருகிச் செருகி விழிக்கிறது. என்னைக் கண்டதும் மறுபடி காதில் கை, மறுபடி அந்தப் பெயர். நான் செய்ததைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. இல்லை என்பதற்கு அங்கே எல்லோரும் சொல்கிற அரபி வார்த்தையை அவர் முகத்துக்கு நேரே கத்தினேன். "மாஃபி! உன் கம்பெனி உன்னை மாஃபின்னு சொல்லிட்டான். மூணு பயலும் மாஃபி. கையெழுத்துப் போடு, இல்லைன்னா செத்துப்போவ." பக்கத்துக் கட்டில் பங்களாதேஷ்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.  சீனர் அந்த மேல்சட்டையைத் தலையணைக்குப் பக்கத்தில் மடித்து வைத்திருந்தார், அதன்மேல் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

நர்ஸ் ரூமுக்குப் போய் உட்கார்ந்து அழுதேன். அப்போதுதான் புத்தி வந்தது. நகீல் கடைத்தெருவில் ஒரு சீனப் பெண் கடை வைத்திருந்தார். லீவில் ஊருக்குப் போகும்போதெல்லாம் சூட்கேசும் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமானும் அவரிடம்தான் வாங்குவோம். மாதத்தில் இரண்டு தடவை பார்க்கிற ஆள். கம்பெனி கம்பெனி என்று அலைந்ததில் இந்தப் பெண் ஞாபகத்துக்கே வரவில்லை. தலையில் அடித்துக்கொண்டேன். மேட்ரனிடம் ஒரு மணி நேரம் பர்மிஷன் வாங்கி, யூனிபாரத்தோடு டாக்சி பிடித்து ஓடினேன்.

அவர் பேசுவது அரபியும் இந்தியும் இங்கிலீஷும் கலந்த கடைத்தெருப் பாஷை. நான் சொல்லி முடிப்பதற்குள் கடையில் நின்ற இரண்டு பெண்களை வெளியே அனுப்பிவிட்டு ஷட்டரை இழுத்துப் பூட்டினார். "யல்லா சிஸ்டர்" என்றார், வா போகலாம் என்று. அவ்வளவுதான்.

கட்டிலருகே அவர் உட்கார்ந்து முதல் வார்த்தை பேசியதும் அந்த மனிதர் கண்ணைத் திறந்த விதத்தை நான் மறக்கவே மாட்டேன். இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். கடைக்காரப் பெண் அடிக்கடி நெற்றியைச் சுருக்கி, மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார். என்னவென்றேன். இவர் பேச்சு வேறே பேச்சு, எனக்குப் பாதிதான் புரிகிறது என்றார். ஒரே நாடு, ஒரே மொழி என்று நினைத்திருந்தேன். அப்புறம் என் தமிழும் கிளார்க்கின் தமிழும் முதல் மாதம் எப்படி முட்டிக்கொண்டன என்று யோசித்துப் பார்த்தேன். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கடைக்காரப் பெண் என் பக்கம் திரும்பினார்.

"சிஸ்டர், கம்பெனி மாஃபி. திஸ் நேம், ஹோம். ஹிஸ் ஹோம்."

"அப்போ சட்டை? ஜாக்கெட் மே கம்பெனி நேம் ஹை."

அவர் நோயாளியிடம் கேட்டார். அந்த மனிதர் முதல் தடவையாகக் கொஞ்சம் சிரித்தார். மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கடைக்காரப் பெண் அதை எனக்குச் சொன்னார்.

நடந்தது இதுதான். இவர் இரண்டு வருடத்துக்கு முன்னால் விசிட் விசாவில் வந்து, அது முடிந்தும் திரும்பிப் போகாமல், இரும்பு வெட்டி ஒட்டுகிற ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் வேலை பார்த்தவர். அடிபட்டதும் ஃபோர்மேன் பயந்து ஷெட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டான். சட்டை சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிற ஒரு சீனருடையது. அவர் அதைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் போகும்போது அவர் முதுகு இவர் கண்ணில் பட்டிருக்கிறது. முதுகில் தன் ஊர்ப் பெயர். ஓடிப் போய் நிறுத்தி, நீ எங்கள் ஊரா என்று கேட்டிருக்கிறார். இல்லை, இது எங்கள் கம்பெனிப் பெயர், எங்கள் கவுண்டியின் பெயரும் அதுதான், நாங்கள் வடக்கே, உங்கள் ஊர் தெற்கே, அது வேறு இது வேறு என்று அவர் சொல்லியிருக்கிறார். கவுண்டி என்றால் நம் தாலுக்காவைப்போல, கொஞ்சம் பெரிது. அது வேறு என்று தெரிந்த பிறகும் இவருக்கு மனசு கேட்கவில்லை. தன்னிடமிருந்த புதுச் சட்டையைக் கொடுத்து அந்தப் பழையதை மாற்றி வாங்கிப் போட்டுக்கொண்டார். ஊர்ப் பெயர் எழுதியிருக்கிறதே என்று.

 மூன்று நாளாக ஒரு மனிதர் தன் ஊரைச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார், நான் அதைக் கம்பெனி என்று எழுதி வைத்து அதட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். சைட் ஆபீஸ்காரரைத் திட்டியது வேறு ஞாபகம் வந்து மனசைக் குத்தியது. அவர் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் உண்மை.

"போன் யாருக்கு?" என்றேன்.

மனைவிக்கு. கால் போகட்டும், ஆனால் அவளிடம் சொல்லாமல் போகக் கூடாது என்றாராம். வீட்டில் போன் கிடையாது. ஊரில் ஒரு கடையில் இருக்கிறது. அந்த நம்பர் இவருடைய செல்போனில் இருந்தது, செல்போன் அந்த இரும்புக்கு அடியிலேயே போய்விட்டது. நம்பர் மனப்பாடம் இல்லை. யாருக்குத்தான் இருக்கிறது? எனக்கு என் வீட்டு நம்பரே அந்த நாளில் பார்த்துத்தான் சொல்லத் தெரியும்.

ஊர்தான் தெரியுமே, கண்டுபிடித்துவிடலாம் என்று கிளார்க்கின் மேசைக்குப் போனோம். ஆஸ்பத்திரியில் இண்டர்நெட் இருந்த மூன்று கம்ப்யூட்டர்களில் அது ஒன்று. அந்தப் பெயரைத் தட்டினாள். பக்கம் மெல்ல மெல்ல இறங்கி வந்தது. நாங்கள் மூன்று பேரும் தலையோடு தலை முட்டப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பெயரில் ஒரு கவுண்டி. அதே பெயரில் வேறு மாகாணத்தில் இன்னொரு கவுண்டி. அந்தக் கவுண்டிக்குள் அதே பெயரில் ஒரு டவுன், ஆனால் கவுண்டியின் தலைமை ஊர் அது இல்லை, வேறொன்று. அந்தப் பெயரில் கவுண்டி இல்லாத மாகாணங்களில் வெறும் டவுன்கள். அப்புறம் ஒரு பெரிய நகரத்துக்குள் ஒரு வட்டாரம். கிராமங்கள். சிமெண்ட் கம்பெனி, உரக் கம்பெனி, பஸ் கம்பெனி, சாராய ஆலை. கீழே இறக்க இறக்க வந்துகொண்டே இருந்தது. முதலில் கிளார்க் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தாள். அப்புறம் பேனாவை வைத்துவிட்டாள்.

"அக்கா, எங்கட நாட்டில புதுக்குடியிருப்பு எண்டு ரெண்டு மூண்டு இடம் இருக்கு" என்றாள் மெதுவாக.

"எங்க நாகர்கோவில் பக்கமும் ஒரு புதுக்குடியிருப்பு உண்டு."

அவளுக்கு அது தெரியாது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆனால் இது அந்தக் கணக்கில் அடங்குகிற விஷயமா? ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு ஊர். அதில் தெரு, சந்தை, பள்ளிக்கூடம், கல்யாணம், சாவு எல்லாம் நடக்கிறது. அத்தனை ஊரிலும் அத்தனை பேரும் நான் இந்த ஊர் என்று ஒரே பெயரைச் சொல்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அது ஒரே ஒரு ஊர்தான்.  இவ்வளவு பெரிய உலகத்தை நான் அதற்கு முன்னால் நினைத்துப் பார்த்ததே இல்லை. இதில் ஒரு கடையை, அந்தக் கடையிலிருந்து ஒரு பெண்ணை, நாளைக் காலைக்குள் எப்படிப் பிடிப்பது?

கட்டிலுக்குத் திரும்பினோம். நோயாளி தன் மாகாணத்தின் பெயரையும் கவுண்டியின் பெயரையும் தாளில் எழுதிக் காட்டினார். பேச்சு வேறென்றாலும் எழுத்து ஒன்றுதான் என்று கடைக்காரப் பெண் சொன்னார், அதுவும் எனக்கு அதிசயமாக இருந்தது. அவர் தன் செல்போனிலேயே சீனாவில் நம்பர் விசாரிக்கிற ஆபீசைக் கூப்பிட்டார். இங்கே பதினொரு மணி, அங்கே பிற்பகல்.

ஆபரேட்டர் பெண் தேடிப் பார்த்துவிட்டு, அந்தக் கவுண்டியில் அப்படி ஒரு டவுனே இல்லை என்றாளாம். அதே மாகாணத்தில் வேறொரு கவுண்டியில் அந்தப் பெயரில் டவுன் இருக்கிறது, அங்கே ஒரு கடை நம்பர் தருகிறேன் என்றாள். அந்தக் கடையைக் கூப்பிட்டோம். கடைக்காரர் சத்தம் எனக்கே கேட்டது. இவர் பெயரைச் சொன்னதும், அப்படி ஒருவர் இங்கே கிடையாது, வெளிநாடு போனவர்களே கிடையாது என்று சொல்லிவிட்டார்.

நோயாளி தாளில் எழுதிய கவுண்டிப் பெயரை விரலால் தட்டித் தட்டிக் காட்டினார். அதே கவுண்டி. அங்கேதான். இல்லை என்கிறார்களே என்று கடைக்காரப் பெண் சொன்னதும் அவர் கண் மூடிக்கொண்டது. தன் ஊரே இல்லை என்று ஒரு ஆபீஸ் சொன்னால் எப்படி இருக்கும்?  நான் நெற்றியில் கை வைத்தேன், அனலாக இருந்தது.

எங்கள் ஆட்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. முன்பின் தெரியாத தமிழரைப் பார்த்தால் ஊர் என்னவென்று கேட்பதோடு நிறுத்த மாட்டோம். பஸ்ஸிலிருந்து இறங்கினால் முதலில் என்ன வரும், கோயிலா, ரைஸ்மில்லா, பாலமா? வலது கைப்பக்கமா இடது கைப்பக்கமா? அப்படிக் கேட்டுக்கொண்டே போனால் கடைசியில் யாராவது மதினியின் தங்கை வீட்டில் போய் நிற்கும். அதைத்தான் கேட்கச் சொன்னேன்.

"பேர வுடுங்க. பஸ்ல இருந்து எறங்குனா என்ன இருக்கும்னு கேளுங்க" என்று தமிழில் ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, இந்தியில் சொன்னேன்.

கடைக்காரப் பெண் என்னை விநோதமாகப் பார்த்தார். ஆனாலும் கேட்டார். நோயாளி கண்ணை மூடியபடியே சொல்ல ஆரம்பித்தார். ஆறு. ஆற்றின்மேல் இரும்புக் கயிற்றில் தொங்குகிற பாலம். பாலத்தைத் தாண்டினால் கோழித் தீவனம் விற்கிற கடை, அதில்தான் போன். கடைக்குப் பின்னால் ஒரு பழைய ஓட்டுச் சூளை, அதன் புகைபோக்கியில் பாதி இடிந்து கிடக்கிறது. சொல்லச் சொல்ல அவர் குரல் தெளிந்தது, காய்ச்சல்காரர் பேசுகிற மாதிரியே இல்லை.

மறுபடி ஆபரேட்டர். இந்தத் தடவை வேறு ஒரு பெண். கடைக்காரப் பெண் பாலத்தைச் சொன்னார், தீவனக் கடையைச் சொன்னார், பாதிப் புகைபோக்கியைச் சொன்னார். அந்தப் பக்கம் அமைதி. கட் ஆகிவிட்டதோ என்று நினைத்தேன். கடைக்காரப் பெண் விரலை உயர்த்தி எங்களை அடக்கினார். ஆபரேட்டர் பெண் பக்கத்து சீட்டுக்காரியிடம் கேட்கிறாளாம். பக்கத்து சீட்டுக்காரிக்கு அவள் அம்மா பிறந்த ஊர் அந்தப் பக்கமாம். தொங்கு பாலம் இருக்கிற அந்த டவுனா, அதைத்தான் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பக்கத்துக் கவுண்டியோடு சேர்த்துவிட்டார்களே என்று அவள் சொன்னாளாம். அங்கே ஏற்கெனவே அதே பெயரில் ஒரு டவுன் இருந்ததால் நம்பர் புத்தகத்தில் இதை வேறு பக்கத்தில் போட்டிருக்கிறார்கள்.

இந்த மனிதர் கிளம்பி வந்த பிறகு அவருடைய ஊர் கவுண்டி மாறிப் போயிருக்கிறது. அது அவருக்கே தெரியாது.

எங்கேயோ ஒரு ஊரில், முகம் தெரியாத இரண்டு பெண்கள், தங்கள் வேலைக்கு நடுவில், ஒரு இடிந்த புகைபோக்கியை வைத்து ஒரு கடையைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். எனக்கு அந்தப் பெண்களின் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போலிருந்தது. நம்மைப் போலவேதான் அவர்களும் விசாரிக்கிறார்கள் என்று வியந்து வியந்து கிளார்க்கிடம் சொன்னேன். ஓம் அக்கா, ஓம் அக்கா என்று அவளும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

தீவனக் கடைக்காரர் இவர் பெயரைக் கேட்டதும் போனை வைக்காமலே யாரையோ கூப்பிட்டுக் கத்தினார். மனைவி வயலில் இருக்கிறார், ஆள் போயிருக்கிறது, அரை மணி நேரம் கழித்துக் கூப்பிடுங்கள் என்றார்.  அந்த அரை மணி நேரமும் பங்களாதேஷ்காரர் ஜபமாலை மாதிரி ஒன்றை உருட்டிக்கொண்டிருந்தார். சர்ஜன் ரவுண்ட்ஸ் வந்தார், விஷயத்தைச் சொன்னேன், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், இங்கேயே நிற்கிறேன் என்று ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். நான் மாதாவிடம் மட்டும் மனசுக்குள் ஒரு வார்த்தை பேசினேன்.

மறுபடி கூப்பிட்டபோது எடுத்தது மனைவிதான். செல்போனை அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டேன், அவர் கைக்கு அதைத் தாங்கும் தெம்பு இல்லை. முதலில் அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஏச்சு. மொழி தெரியாவிட்டால் என்ன, இத்தனை நாளாக ஏன் போன் பண்ணவில்லை என்று ஒரு பெண் ஏசுகிற ராகம் எனக்குத் தெரியாதா? அவர் கண்ணை மூடி, சிரித்துக்கொண்டு, முழுவதையும் வாங்கிக்கொண்டார். அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது அவர் பேசினார். தணிந்த குரலில், கொஞ்சமாக.   அப்புறம் அவள் ஏதோ கேட்டாள். அவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அவளும் சின்னதாக ஒன்று சொன்னாள்.

அவர் போனிலிருந்து முகத்தை எடுத்து, என்னைப் பார்த்து, பேனாவுக்குக் கையை நீட்டினார்.

வியாழக்கிழமை வரை யாரும் காத்திருக்கவில்லை. அன்று மதியமே தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். இரண்டு மணி நேரம். சர்ஜன் வெளியே வந்து மாஸ்க்கை இறக்கிவிட்டு, பிழைத்துக்கொண்டார் சிஸ்டர், இன்னும் அரை நாள் போயிருந்தால் சந்தேகம்தான் என்றார். 

மறுநாள் கடைக்காரப் பெண் ஒரு தூக்குப் பாத்திரத்தில் கஞ்சி கொண்டுவந்தார். நோயாளி அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு இரவெல்லாம் அதே நினைப்பு. வராந்தாவில் வைத்துக் கடைக்காரப் பெண்ணிடம் கேட்டேன், கடைசியில் மனைவி கேட்டது என்ன, சொன்னது என்ன என்று. அவர் தெரிந்த வார்த்தைகளையெல்லாம் தேடித் தேடி எடுத்துச் சொன்னார்.

"வைஃப் ஆஸ்க், விச் லெக். ஹி ஸே, லெஃப்ட். வைஃப் ஸே, ஓகே. யுவர் லெஃப்ட் ஸைட், மீ ஸ்டாண்ட்."